தோணியில் வந்த இரண்டு ஜோடி

எங்கள் தோட்டத்துக்குத் தோணியில் வந்து சேர்ந்த ஜோடிகள் இரண்டு. முதல் ஜோடி நானும் என் வீட்டுக்காரரும். எங்களை வரவேற்க ஆளில்லை. யாரும் வந்துவிடக் கூடாதே என்றுதான் வழியெல்லாம் சாமி கும்பிட்டுக்கொண்டு வந்தோம். இரண்டாவது ஜோடி ஒரு வெள்ளைக்காரரும் அவர் மனைவியும். அவர்களுக்கு வாழைமரம், தப்புமேளம், மாலை, ஆரத்தி எல்லாம் உண்டு. அந்த மாலையைத் தட்டில் ஏந்திக்கொண்டு வெயிலில் நின்றவள் நான். வேடிக்கை பார்க்கக் கடவுளுக்கு வேறு இடம் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் இலங்கையில் தலவாக்கலைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். எனக்கு அத்தை மகன். நான் திருச்சிப் பக்கத்துக் கிராமம். முன்பெல்லாம் ஆட்கள் மாமியார் வீட்டுக்குப் போய் வருவதுபோல அக்கரைக்கும் இக்கரைக்கும் போய் வந்தார்களாம். நான் கல்யாண வயதுக்கு வந்தபோது இரண்டு நாடுகளும் சுதந்திரம் வாங்கி, நடுவில் கிடந்த கடலுக்குக் கதவு போட்டுவிட்டன. போக ஒரு காகிதம், திரும்பி வர ஒரு காகிதம், இந்தத் தேதிக்குள் வந்தாக வேண்டும் என்று ஒரு முத்திரை. அத்தை மகன் அந்தக் காகிதங்களையெல்லாம் ஒழுங்காக வாங்கிக்கொண்டு, கப்பலேறி, ஆனி மாதக் கடைசியில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

பெண் கேட்டு, சீர் பேசி, கோபித்துக்கொண்ட பெரியப்பாவைச் சமாதானப்படுத்தி முடிப்பதற்குள் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் யாராவது கல்யாணம் வைப்பார்களா? ஆவணி வரை பொறுக்க வேண்டியதுதான் என்றார் என் அப்பா.

"பேப்பர்ல தேதி போட்டிருக்கு மாமா. அதுக்குள்ள போயாகணும்" என்றார் மாப்பிள்ளை.

"தேதி போட்டவன் பஞ்சாங்கத்தப் பாத்துல்ல போட்டிருக்கணும்?" என்றார் அப்பா. தப்பு முழுக்க சர்க்கார் பேரில்தான் என்பதில் எங்கள் ஊரில் இரண்டு கருத்து இல்லை.

ஆவணியில் முகூர்த்தம் நடந்தது. தாலி ஏறும்போது மாப்பிள்ளையின் தேதி இறங்கிப்போயிருந்தது. அக்கரைக்கு அனுமதி தருகிற ஆபீசுக்குப் போய்க் காரணம் சொன்னார். "ஆடி மாசங்க" என்றாராம். அங்கே இருந்தவர் கொஞ்சம் இரக்கக்காரர். இப்போதே தனியாகக் கிளம்புவதானால் எதையாவது எழுதிச் சமாளித்துக் கப்பலில் ஏற்றிவிடுகிறேன், மனைவிக்குப் பிறகு மனுப் போடு, அதற்குச் சில வருடம் ஆகும் என்றாராம். அத்தை மகன் தேதி போன காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். போய்விட்டு வாருங்கள், நான் காத்திருக்கிறேன் என்று நான்கூடச் சொன்னேன்.

"கட்டிக்கிட்டவள விட்டுட்டுப் போறதுக்கா ஒரு மாசம் ஆடியப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தேன்?" என்றார்.

 புதுப்பெண்ணுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? அந்த ஒரு வார்த்தை அவருக்கு எவ்வளவு பெரிய இழப்பாக முடியும் என்று எங்கள் இரண்டு பேருக்குமே அன்றைக்குத் தெரியாது.

வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் ஒரு கரையிலிருந்து பொழுது சாய, காகிதம் இல்லாமலே கிளம்பினோம். பீடி இலை மூட்டை ஏற்றிப்போகிற பாய்த்தோணி. மூட்டைகளுக்கு நடுவே இரண்டு மூட்டையாக நாங்களும் கிடந்தோம். கரை மறைந்ததும் கடல் தன் வேலையைக் காட்டியது. தோணி ஏறும்போது வயிறு கீழே போகும், இறங்கும்போது வயிறு வாய்க்கு வரும். கூறைப்புடவை முழுக்க வாந்தி. பின்னலை விலக்கிப் பிடித்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை, நான் முடிக்கும்வரை பொறுமையாக இருந்துவிட்டு, பிறகு அவர் முறைக்கு எடுத்தார். தோணிக்காரர் எங்களிடம் ஒரு தகர டின்னைக் கொடுத்து, உள்ளே வருகிற தண்ணீரை மொண்டு ஊற்றச் சொன்னார். ஒருவர் மொள்ள ஒருவர் வாந்தியெடுக்க, எங்கள் குடித்தனம் அப்படித்தான் தொடங்கியது. உலகத்தில் யார் யாரோ தேனிலவுக்கு எங்கெங்கோ போகிறார்கள். நாங்கள் போனது பீடி இலை மூட்டை மேலே.

விடிகிற நேரத்தில் முழங்கால் தண்ணீரில் இறக்கிவிட்டார்கள். யாழ்ப்பாணத்துக் கரை. மணலில் கால் வைத்ததும் தரை ஆடியது. கடலை விட்டு இறங்கிவிட்டேன், ஆனால் கடல் என்னை விட்டு இறங்கவில்லை. பிடிக்க ஒரு மரம்கூட இல்லாமல் நான் தள்ளாடினபோது, கரையோரக் குடிசையிலிருந்து ஒரு பெண் ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். எங்கிருந்து வருகிறோம் என்று அவள் கேட்கவில்லை.

"தரை ஆடுற மாதிரித்தான் இருக்கும் பிள்ளை. ரெண்டு நாளிலை நிண்டிடும். பயப்பிடாதை" என்றாள்.

இலங்கை மண்ணில் எனக்குக் கிடைத்த முதல் வரவேற்பு அது. அதற்குப் பிறகு அந்த நாட்டில் எனக்குக் கிடைத்த எந்த வார்த்தையும் அவ்வளவு இதமாக இருந்ததில்லை.

ரயில் மாறி மலைக்கு ஏறினோம். காலைப் பனியில் வண்டி மெதுவாக மூச்சிரைத்துக்கொண்டு போனது. எதிரே உட்கார்ந்திருந்தவர் இறங்கியதும் நான் ரகசியமாகக் கேட்டேன்: "மச்சான், யாராச்சும் எந்த ஊருன்னு கேட்டா என்ன சொல்றது?"

அவர் அதை யோசித்தே பார்த்திருக்கவில்லை. அந்த நேரம் பார்த்து வண்டி ஒரு ஸ்டேஷனில் நின்றது. அவர் ஜன்னல் வழியாகப் பலகையைப் பார்த்தார். "வட்டவளைன்னு சொல்லு" என்றார். அதிலிருந்து தலவாக்கலை வரும்வரை அதையே சொல்லிச் சொல்லிப் பழகினேன். பிறந்த ஊரை ஜன்னலில் பார்த்துத் தேர்ந்தெடுக்கிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? பனி மூடியிருந்ததால் அந்த ஊரில் பலகையைத் தவிர வேறொன்றையும் நான் பார்க்கவில்லை.

தோட்டத்தில் என்னை யாரும் நம்பவில்லை, யாரும் காட்டிக்கொடுக்கவும் இல்லை. எங்களைப்போல வந்தவர்களுக்குக் கள்ளத்தோணி என்று பெயர். லயத்தில் அவர்களுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. லயம் என்றால் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக அடைத்த அறைகள். ஓர் அறைக்கு ஒரு குடும்பம். புதிதாகத் தோணியில் வந்தவர்கள் இருந்தால், ஒவ்வொரு அறையிலிருந்தும் ஒரு சாமான் வரும். ஒருத்தி ஒரு பீங்கான் தட்டு, ஒருத்தி கோதுமை மா, ஒருத்தி உப்பு, ஒருத்தி கொழுந்து மலையில் மழைக்குப் போர்த்துகிற பழைய கம்பளி. கேள்வி இல்லை, கதை இல்லை. கடலில் வந்தவர்கள் கையில் ஒன்றும் கொண்டுவந்திருக்க மாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். பக்கத்து அறை அக்கா எனக்குக் கம்பளியைப் போர்த்திவிட்டு, "எந்த ஊரு?" என்று பரீட்சை வைத்தாள்.

"வட்டவளை."

"சத்தமா சொல்லு. பொறந்த ஊர யாரும் முணுமுணுக்க மாட்டாங்க" என்றாள்.

நான் கொழுந்து எடுக்கப் போனேன். வேலையை மேற்பார்க்கிற கங்காணி என்னை வட்டவளையிலிருந்து கட்டிவந்த பெண் என்று சொல்லிப் பதிந்துவிட்டார். அப்படி இரண்டு மூன்று வருடம் ஓடியது. அவ்வப்போது போலீஸ் ஜீப் வரும், யாரையாவது ஏற்றிக்கொண்டு போகும். கீழ்ப் பிரிவில் ஒரு பெண்ணைக் கைக்குழந்தையோடு கொண்டுபோனார்கள். அவள் புருஷன் இங்கே, அவள் அக்கரையில். அதற்குப் பிறகு ஜீப் சத்தம் கேட்டால் எனக்குக் கை கொழுந்தில் நிற்காது. போதாக்குறைக்கு நான் மாசமாக வேறு இருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் இரண்டாவது ஜோடி வந்தது. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் பெரிய கங்காணி தொண்டையைச் செருமிக்கொண்டு அறிவித்தார்.

"துரைசாணியம்மாவோட தங்கச்சியும் அவங்க புருசனும் சீமையிலேருந்து வந்திருக்காங்க. பெரிய கப்பல்ல இல்ல. சின்னப் பாய்த்தோணியில, ரெண்டே ரெண்டு பேரா, கடல் தாண்டிக் கொழும்புக்கு வந்து சேந்துட்டாங்க. நாளைக்கு மத்தியானம் ஃபெக்டரி வாசல்ல வரவேற்பு. வேல இல்ல, ஆனா முழுப் பேர் உண்டு."

துரைசாணி என்றால் தோட்டத்தை நடத்துகிற வெள்ளைக்காரத் துரையின் மனைவி. முழுப் பேர் என்றால் முழு நாள் சம்பளம். வேலை இல்லாமல் அதைத் தருகிற அளவுக்குப் பெரிய சம்பவம் அதற்கு முன் எங்கள் தோட்டத்தில் நடந்ததில்லை. ஆண்கள் விசில் அடித்தார்கள். ஆனால் மலைக்குப் போகிற வழியில் பக்கத்து அறை அக்காவின் முகம் வாடிக் கிடந்தது.

"பாவம்டி. கப்பல்ல வர வழியில்லாம தோணியில வந்திருக்காங்க. காயிதம் கெடச்சிருக்காது."

"வெள்ளக்காரங்ககிட்ட யாருக்கா காயிதம் கேக்கப் போறாங்க?" என்றேன்.

"அது முந்தி. இப்பத்தான் சுதந்திரம் வந்திருச்சே. நம்மகிட்ட கேக்குறத அவங்ககிட்டயும் கேப்பாங்கல்ல?"

 சுதந்திரத்தைப் பற்றி அந்த மலையிலேயே உயர்வாக நினைத்துக்கொண்டிருந்தவள் அவள் ஒருத்திதான். அவள் சொல்லி முடிப்பதற்குள் கொழுந்து வரிசை முழுக்கச் சேதி போய்விட்டது. வெள்ளைக்காரர்களிலும் கள்ளத்தோணி உண்டாம், துரை அவர்களைப் பங்களாவில் ஒளித்துவைத்திருக்கிறாராம், ஆட்களை வளைத்துப்போடத்தான் முழுப் பேர் கொடுக்கிறாராம். கேட்கக் கேட்க எனக்கே நம்பத் தோன்றியது. அன்று சாயங்காலம் லயத்தில் வழக்கம்போலச் சாமான் சேர்ந்தது. தட்டு இரண்டு, கோதுமை மா, உப்பு, காய்ந்த மிளகாய், ஓரம் பிரிந்த ஒரு கம்பளி.

மறுநாள் ஃபெக்டரி வாசலில் மேடை போட்டு, மேடையில் நாற்காலி போட்டிருந்தார்கள். துரை, துரைசாணி, விருந்தாளிகள் இரண்டு பேர். ஓரத்தில் டவுனிலிருந்து வந்த போலீஸ் இன்ஸ்பெக்டர். அவர் சிங்களவர், எங்கள் பேச்சை எங்களைவிட நன்றாகப் பேசுவார். அவரும் துரையும் சிநேகிதர்கள், வீரர்களைப் பார்க்க ஆசைப்பட்டு வந்திருக்கிறார் என்றார்கள். கழுத்தில் தாலி தெரிய, பூ வைத்து, மாலைத் தட்டோடு முன்வரிசையில் நிற்க என்னைத் தேர்ந்தெடுத்தது பெரிய கங்காணி. மாசமாக இருக்கிற சுமங்கலி கையால் கொடுத்தால் நல்லதாம். எனக்கும் அவருக்கும் நடுவே இருந்த நல்லெண்ணம் அத்தோடு போயிற்று.

துரை வெகுநேரம் பேசினார். யாழ்ப்பாணத்துக்காரரான பெரிய கிளாக்கர் ஐயா அதைத் தமிழில் சொன்னார். துரை நீட்டினால் இவர் சுருக்குவார். துரை சுருக்கினால் இவர் நீட்டுவார்.

"ஆழ்கடலின் அலைகளை அஞ்சாது கடந்த வீரத் தம்பதிகள்! எந்த அரசாங்கத்தின் தயவையும் நாடாமல், காற்றை மட்டுமே நம்பி வந்தவர்கள்!"

ஜனங்கள் கைதட்டினார்கள். எனக்குப் பின்னால் நின்ற அக்கா, "நீயும் அப்படித்தானடி வந்த" என்று காதில் ஊதினாள். நான் பின்பக்கமாகக் கையை விட்டு அவளைக் கிள்ளினேன்.

பிறகு கடலில் வந்த துரை எழுந்தார். மூக்குத் தோல் உரிந்து, தாடி வளர்ந்து, ஆள் நல்லவர் போலத்தான் இருந்தார். அலைகள் ஃபெக்டரி உயரம் வந்ததாம். சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைக்கவே முடியாதாம், மடியில் வைத்துத்தான் சாப்பிட்டார்களாம். இரண்டு பேரும் மாறி மாறித் தண்ணீரை மொண்டு ஊற்றினார்களாம். எனக்கு அந்தத் தகர டின் ஞாபகம் வந்தது. கடைசியாக ஒன்று சொன்னார்: கொழும்பில் கரையேறினதும் துறைமுகத்தில் பெரிய பெரிய ஆட்கள் வந்து கைகுலுக்கி, எங்கள் நாடு உங்களுக்குப் பிடித்திருக்கிற மட்டும் தங்குங்கள் என்றார்களாம்.

இதையும் கிளாக்கர் ஐயா தமிழில் சொன்னார். அக்கா பெருமூச்சு விட்டு, "அப்பாடா, தப்பிச்சிட்டாங்க" என்றாள். எனக்கு வயிறு எரிந்தது. பொய் சொல்வானேன்? நன்றாக எரிந்தது. அவர்களும் பாய் விரித்துத்தான் வந்தார்கள், நாங்களும் பாய் விரித்துத்தான் வந்தோம். அவர்கள் எத்தனை அலை என்று சொல்லிக் காட்டலாம். நான் ஒரு அலையைக்கூட வாய்விட்டுச் சொல்ல முடியாது.

மாலை போட்டாயிற்று. ஆரத்தி எடுத்தாயிற்று. அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் அக்கா பின்னால் ஜாடை காட்ட, நான்கைந்து பெண்கள் லயத்தில் சேர்த்த சாமான்களை எடுத்துக்கொண்டு மேடைக்கு வந்துவிட்டார்கள். எங்கள் துரைக்குப் புல்லரித்துவிட்டது. தொழிலாளிகளின் விசுவாசம் என்று ஏதோ சொல்லிக் கண்ணைத் துடைத்தார். இன்ஸ்பெக்டர் மட்டும் அந்தத் தட்டையும் மாவையும் கம்பளியையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். சோதனை போட்ட அறைகளில் அவர் இதே சாமான்களைப் பலமுறை பார்த்திருப்பார். இவை யாருக்குக் கொடுக்கப்படுகிறவை என்று அந்த மேடையில் தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

கம்பளியை வாங்கிக்கொள்ள அந்த வெள்ளைக்காரப் பெண் எழுந்தாள். அவர்கள் கொழும்பில் இறங்கிய மறுநாளே மலைக்குக் கிளம்பி, வளைவு வளைவாகக் காரில் ஏறி வந்திருந்தார்கள். எழுந்தவள் அப்படியே தள்ளாடினாள். நாற்காலி சாய்ந்தது. முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது. பக்கத்தில் நின்றவள் நான். என்ன செய்கிறேன் என்று யோசிப்பதற்குள் தட்டைக் கீழே போட்டுவிட்டு அவள் கையைப் பிடித்துவிட்டேன். வாயிலிருந்து தானாக வந்தது.

"தரை ஆடுற மாதிரித்தாம்மா இருக்கும். ரெண்டு நாள்ல நின்னுரும். பயப்படாதீங்க."

அவளுக்குத் தமிழ் தெரியாது. இன்ஸ்பெக்டருக்குத் தெரியும்.

"ஏய், ஒனக்கு எப்படித் தெரியும்?" என்றார். அதட்டவில்லை, மெதுவாகத்தான் கேட்டார். "கடல்லேருந்து எறங்கினவங்களுக்குத் தரை ஆடும், ரெண்டு நாள்ல நிக்கும்னு ஒனக்கு யாரு சொன்னா?"

ஃபெக்டரியில் இயந்திரம் நின்றதுபோல எல்லாம் நின்றுவிட்டது. ஆண்கள் வரிசையில் என் வீட்டுக்காரர் முன்னே வரப் பார்ப்பது தெரிந்தது. வந்தால் இரண்டு பேரும் போய்விடுவோம். வயிற்றில் இருந்தது ஒருமுறை உதைத்தது. 

"அவ மாசமா இருக்கா சார்" என்றாள் அக்கா, பின்னாலிருந்து. "மாசமா இருந்தா தரை ஆடும். எனக்குக்கூட மூணு புள்ளைக்கும் ஆடிச்சு."

"எனக்கும் ஆடிச்சு சார்" என்றாள் இன்னொருத்தி.

"எனக்கு நாலாவதுக்கு ரொம்ப ஆடிச்சு."

"கூடையோட எறக்கத்துல எறங்குனா எல்லாருக்கும் ஆடும் சார். வந்து எறங்கிப் பாருங்க."

ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல்: "சம்பளத்தன்னிக்கு எங்களுக்கும் ஆடும் சார்!"

கூட்டம் சிரித்தது. என்ன சிரிப்பு என்று துரை கேட்டார். கிளாக்கர் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, ஆங்கிலத்தில் ஏதோ நீளமாகச் சொன்னார். துரை கண்ணீர் வரச் சிரித்தார். என்ன சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, ஆனால் அந்த மனிதர் நல்லா இருக்கட்டும்.

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. "ஊரு எது?" என்றார்.

"வட்டவளைங்க" என்றேன். அக்கா சொல்லிக்கொடுத்தபடி சத்தமாகவே சொன்னேன்.

"வட்டவளையில எங்க?"

"டேசன் பக்கமுங்க."

"அப்படியா? இந்த மலையில நான் விசாரிச்ச ஆளுங்கள்ல பாதிப் பேரு வட்டவளை டேசன் பக்கந்தான் பொறந்திருக்காங்க. ரயிலு நிக்கிற நேரத்துக்குள்ள பொறந்துடுவாங்க போலருக்கு."

என்னைப்போல ஜன்னல் வழியாக ஊர் பிடித்தவர்கள் இன்னும் எத்தனையோ பேர் என்று அப்போதுதான் தெரிந்தது. அவர் எழுந்து என் பக்கம் ஓர் அடி வைத்தார். ஆனால் அந்த வெள்ளைக்காரப் பெண் என் கையை விடவில்லை. அவளுக்கு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. என்னை இழுத்துத் தன் நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்கவைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கை முழுக்கக் கயிறு இழுத்துக் காய்த்திருந்தது. விருந்தாளியின் கையிலிருந்து ஒருத்தியைப் பிடுங்கிக்கொண்டு போக இன்ஸ்பெக்டருக்கு மனமில்லையோ, துணிவில்லையோ, திரும்பிப் போய் உட்கார்ந்து தனக்கு வைத்திருந்த கேக்கைச் சாப்பிட்டார். அன்று மத்தியானம் எனக்கு இருந்த ஒரே அனுமதிப் பத்திரம் அந்தக் கைதான்.

அவள் ஏதோ கேட்டாள். கிளாக்கர் ஐயா மாற்றிச் சொன்னார்: "நீ எப்போதாவது கடல் பார்த்திருக்கிறாயோ என்று அம்மா கேட்கிறா."

"இல்லீங்க" என்றேன்.

அவள் முகத்தில் எவ்வளவு இரக்கம்! வாழ்க்கையில் ஒருமுறையாவது நீ கடலைப் பார்க்க வேண்டும், அவ்வளவு அழகு என்றாளாம். சரி என்று தலையாட்டினேன்.

அந்த ஜோடி சில வாரம் பங்களாவில் இருந்துவிட்டுத் தோணியைச் செப்பனிட்டுக்கொண்டு வேறு நாட்டுக்குப் போய்விட்டது. லயத்தில் கொடுத்த கம்பளியை அவள் கையோடு கொண்டுபோனதாகப் பங்களா சமையல்காரர் சொன்னார். எனக்கு அவள்மேல் கோபமெல்லாம் அத்தோடு போய்விட்டது. இன்ஸ்பெக்டர் எனக்காகத் திரும்பி வரவேயில்லை. ஏன் வரவில்லை என்று நான் விசாரிக்கப் போகவில்லை. எனக்கு மகள் பிறந்தாள்.

இத்தோடு நான் தப்பித்தேன் என்று கதையை முடிக்கலாம். தப்பித்தது நான் மட்டும்தான். எங்கள் கல்யாணத்துக்கு முன்பே மாமனார் குடும்பத்துக்கெல்லாம் சேர்த்து இலங்கைப் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டிருந்தார். அது ஊர்ந்து ஊர்ந்து விசாரணைக்கு வர வருடக்கணக்காயிற்று. என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் கப்பலில் போனதற்குப் பதிவு இருந்தது. திரும்பி வந்ததற்குப் பதிவு இல்லை. ஆகவே அவர் இன்னும் இந்தியாவில்தான் இருக்கிறார் என்று தீர்மானித்தார்கள். இல்லை, எதிரில் நிற்கிறேனே என்று அவர் சொல்லிப் பார்த்தார். எதிரில் நிற்பதெல்லாம் சாட்சி ஆகாதாம்.

வீட்டுக்கு வந்து, "தள்ளுபடி பண்ணிட்டாங்க" என்றார். தேத்தண்ணி கேட்டார். அன்றைக்குச் சட்டைப்பையில் மடித்து வைத்த காகிதத்தோடு தனியாகக் கப்பலேறியிருந்தால் பிறந்த மண் அவருக்குச் சொந்தமாகியிருக்கலாம். அதை அவர் ஒருநாளும் சொல்லிக்காட்டவில்லை. ஆடி மாதத்தைக்கூடத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மகளுக்குப் பத்து வயது இருக்கும்போது, இரண்டு நாட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து எங்களைப் பாகப்பிரிவினை செய்துகொண்டார்கள். இத்தனை லட்சம் உனக்கு, இத்தனை லட்சம் எனக்கு. தள்ளுபடியானவர்களெல்லாம் இந்தியாவுக்கு எழுதிக்கொடுக்கலாம் என்று தோட்டத்தில் பேச்சாயிற்று. கண்டிக்குப் போய் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு எழுதிக்கொடுக்கக் கிளம்பினோம். பத்துப் பன்னிரண்டு வருடம் ஜீப் சத்தத்துக்குப் பயந்து நடுங்கினவள் நான். என்னை யாரும் கண்டுபிடிக்கவில்லை. அங்கேயே பிறந்த மனுஷரைத்தான் கண்டுபிடித்து அனுப்பினார்கள், அவரோடு நானும் போகிறேன்.

ரயிலில் நான் அவருக்குப் பாடம் நடத்திக்கொண்டு வந்தேன். ஆபீசில் சொந்த ஊர் கேட்பார்களாம். அவருக்கு எங்கள் ஊர் தெரிந்ததெல்லாம் கல்யாணத்துக்கு வந்து இருந்த அந்தக் கொஞ்ச நாள்தான்.

"எந்த ஜில்லா?"

"திருச்சி."

"எந்தத் தெரு?"

"மாரியம்மன் கோயில் தெரு... கொளத்துக்கு மேக்கால."

"கெழக்கால மச்சான்! பொறந்த ஊர யாராச்சும் தப்பாச் சொல்வாங்களா?"

அவர் சிரித்துக்கொண்டே திரும்பவும் தொடங்கினார். ஜன்னலோரம் மகள் தூங்கிப்போயிருந்தாள். எதிர் வண்டிக்கு வழிவிட எங்கள் வண்டி ஒரு ஸ்டேஷனில் நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். வட்டவளை.

அன்று பனி இல்லை. நல்ல வெயில். நான் எழுந்து கதவுப் பக்கம் போனேன்.

"எங்க போற? வண்டிய எடுத்துருவான்" என்றார்.

"எங்க ஊரு மச்சான். ஒரு தடவ பாத்துட்டு வந்துர்றேன்."

அவரும் என்கூடவே இறங்கினார். கூடையோடு ஒரு வடைக்காரம்மா வந்தாள். இரண்டு கடை, ஒரு மண் ரோடு, கோயில் கோபுரம் கொஞ்சம், அதற்கு மேலே தேயிலை மலை. இவ்வளவுதான் என் ஊர். இத்தனை வருடம் என்னைக் காப்பாற்றின ஊரை நான் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கண்டிக்கா போறீங்க? பாஸ்போட்டுக்கா?" என்றாள் வடைக்காரம்மா. ஒவ்வொரு வண்டியிலும் எங்களைப்போலப் பார்த்திருப்பாள். "எந்த ஊருங்க நீங்க?"

"திருச்சி ஜில்லாங்க" என்றார் அவர், பாடம் கலையாமல்.

"இந்த ஊருதாங்க" என்றேன் நான்.

"புருசன் ஒரு ஊரு, பொஞ்சாதி ஒரு ஊரா?" என்று சிரித்தாள்.

அவர் சட்டைப்பையில் சில்லறையைத் தேடினார். வண்டி ஊதியது. இரண்டு வடை வாங்கிக்கொண்டு ஏறினோம். பலகை பின்னால் போய் மறையும்வரை ஜன்னலில் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, பிறந்த ஊரை விட்டுப் போகிறவள் எப்படி அழுவாளோ அப்படி அழுதேன். அழவேண்டியவர் அவர். அவர் என் முதுகைத் தடவிக்கொண்டே, "கொளத்துக்குக் கெழக்கால, கொளத்துக்குக் கெழக்கால" என்று மெல்லச் சொல்லிப் பழகிக்கொண்டு வந்தார்.